பாதியில் நிற்கும் திமிங்கலம்

— திரும்பி உக்காருங்கன்னு சொன்னேன்ல அப்பா. நீங்க திரும்பின மாதிரி திரும்பி, டிவில தெரியறதப் பாக்கறீங்க.

— டிவி அணைச்சுதானே இருக்கு, குட்டிம்மா.

— அணைச்ச டிவிலதான் நல்லா தெரியும். எனக்குத் தெரியாதாக்கும். சுவத்தைப் பாருங்க.

— சரி, சுவத்தைப் பாக்கறேன். சுவர்ல நீ கிறுக்கி வச்ச ஆமையைப் பாக்கறேன். போதுமா? நான் பாக்காதப்ப டேப்லெட்ல படத்தை நிறுத்திடுவேன்னியே, ஆரம்பி.

— பாட்டு ஓடுது. இருங்க. இன்னும் வரல. இன்னும் வரல. ம், ஆச்சு. இப்ப திரும்பலாம்.

— எங்க, அந்த டேப்லெட்டைக் குடு. அட, நின்னுடுச்சு.

— அதான் சொன்னேனே.

— நெசமாவே நின்னுடுச்சு. திமிங்கலம் தூக்கின வாலைக் கீழ போடாம நிக்குது. தொட்டாலும் அசையல, தட்டினாலும் அசையல. சத்தமும் இல்ல. ஏம்மா, இங்க கொஞ்சம் வாயேன். சீக்கிரம் வா.

— கையெல்லாம் சோப்பு. என்னங்க, வீடு பத்திக்கிச்சா?

— அதைவிடப் பெரிய விஷயம். ஆபீஸே தலைகீழா நின்னு தேடற பக்கை, அந்த சாஃப்ட்வேர் கோளாறை, உன் பொண்ணு என் முதுகுக்குப் பின்னாடி உக்காந்து வரவழைக்கிறா.

— எந்த பக்? உங்களைப் பேயோட்டின்னு கூப்பிடறாங்களே, அந்தப் பேயா?

— அதேதான். எங்க கம்பெனி செய்யற வீடியோ பிளேயர்ல படம் திடீர்னு நின்னுடுதுன்னு எத்தனையோ வீட்லேர்ந்து எழுதறாங்க. பிள்ளைங்க பாக்கற கார்ட்டூன் படம்தான் அதுல முக்கால்வாசி. நாங்களும் மேஜை நிறைய போனும் டேபும் பரப்பி வச்சு, ராப்பகலா ஓட விட்டுப் பாத்தாச்சு. எங்க கைல மட்டும் நிக்கவே மாட்டேங்குது. தங்கமா ஓடுது.

— நிக்கலைன்னா சந்தோஷப்பட வேண்டியதுதானே.

— நின்னாதானே எதனால நிக்குதுன்னு பாக்க முடியும். எல்லாரும் அப்படி ஒரு பக்கே கிடையாதுன்னு சொல்லிட்டாங்க. நான் ஒருத்தன்தான் இருக்கு இருக்குன்னு கத்திக்கிட்டு திரியறேன். திங்கக்கிழமை மீட்டிங். அன்னிக்கு எல்லார் கண்ணு முன்னாடியும் நான் அதை நிறுத்திக் காட்டணும். இல்லைன்னா புது வெர்ஷனை அப்படியே வெளிய விட்டுடுவாங்க. என்னையும் டெஸ்டிங்லேர்ந்து தூக்கி, போன் எடுத்து சமாதானம் சொல்ற சீட்ல உக்கார வச்சிடுவாங்க. மேனேஜர் சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு. அவரு சிரிச்சாதான் எனக்கு பயமே.

— உங்களுக்கு சமாதானம் சொல்ற வேலையா? வீட்ல ஒருத்தியைச் சமாதானப்படுத்தவே வராது. அந்தக் கம்பெனி உருப்பட்ட மாதிரிதான்.

— கிண்டல் பண்ணாத. குட்டிம்மா, இன்னொரு தடவை பண்ணு பாப்போம்.

— சுவத்தைப் பாருங்க.

— பாத்தாச்சு.

— அம்மா, நீயும்தான்.

— நான் எதுக்குடி? எனக்கு ரிமோட்ல பேட்டரி மாத்தவே தெரியாது.

— நீ அப்பாகிட்ட சொல்லிடுவ. திரும்பு. இருங்க... ஆச்சு.

— மறுபடியும் நின்னுடுச்சு. ஆண்டவா. ஏம்மா, நீயே பாரேன். கேக்கறப்பல்லாம் பண்றா. ஒரு தடவைகூட தப்பல. எங்க ஆபீஸ்ல பெரிய பெரிய படிப்பு படிச்சவங்கல்லாம் மண்டையை உடைச்சுக்கிட்டு, கடைசில கரண்ட்டைக் குறை சொல்லிட்டு எழுந்து போயிட்டாங்க. இவ சோபால சம்மணம் போட்டு உக்காந்து செய்யறா.

— சரி, அது எப்படின்னு அவகிட்டயே கேட்டுடுங்க. இதுல என்ன இருக்கு.

— அதான் கேக்கப் போறேன். கண்ணு, அப்பாகிட்ட சொல்லு. எப்படிப் பண்ணின?

— ம்ஹூம்.

— ரகசியமா?

— ஆமா.

— சரி, நான் கண்டுபிடிக்கிறேன். நீ ஆமா, இல்லைன்னு மட்டும் சொல்லு. சார்ஜர் போட்டிருந்தப்ப பண்ணினியா?

— சார்ஜர் போட முடியாது. நீங்கதான் வளைச்சுப் பிடிச்சுக்கணும், அப்பதான் ஏறும்.

— அதுவும் சரிதான். பேட்டரி கம்மியா இருக்கறப்ப மட்டும் நிக்குமா?

— இல்ல.

— இந்தப் படத்துல மட்டுமா?

— இல்ல. பூனைப் படத்துலயும் நிக்கும். பூனையைக் குளிப்பாட்டற இடத்துல பண்ணிருக்கேன்.

— பூனைப் படத்துல எதுக்குடி நிறுத்தின? உனக்கு அது ரொம்பப் பிடிக்குமே.

— பழகறதுக்கு. பூனைப் படத்துல நல்லா பழகிட்டு, அப்புறம்தான் திமிங்கலத்துல பண்ணினேன்.

— கேட்டியாம்மா? கேட்டியா? இன்னொரு படத்துல ஒத்திகை பாத்திருக்கா. எங்க டீம்ல புதுசா வர்றவங்களுக்கு இதைச் சொல்லிக்குடுத்து முடிக்கறதுக்குள்ள என் தொண்டை வத்திடும். இவளுக்கு யாரு சொல்லிக்குடுத்தா?

— என்னைப் பாக்காதீங்க. நான் மாத்திரை குடுக்கற இடத்துல வேலை பாக்கறவ. நல்லாத் தூங்குங்க, தண்ணி நிறைய குடிங்க, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

— குட்டிம்மா, இங்க வா. அப்பா மடில உக்காரு. இதைச் சொன்னா அப்பாவுக்கு எவ்வளவு பெரிய உதவின்னு தெரியுமா?

— சொன்னா என்ன பண்ணுவீங்க?

— சரி பண்ணுவோம்.

— சரி பண்ணினா?

— அப்புறம் நிக்காது.

— அப்ப சொல்ல மாட்டேன்.

— என்னடி இது. படம் நிக்கறது நல்லதா? உலகம் பூரா எத்தனை பிள்ளைங்க ஆசையா பாத்துக்கிட்டிருக்கறப்ப படம் நின்னு போய் அழறாங்க தெரியுமா?

— அவங்க வீட்லயும் யாராவது நிறுத்தியிருப்பாங்க.

— என்ன சொன்ன?

— என்னை மாதிரி யாராவது. எல்லாருக்கும் பிடிக்காத இடம் ஒண்ணு இருக்கும்ல.

— என்னங்க, விரல் விட்டு என்ன எண்றீங்க?

— இல்ல, வந்த புகாரையெல்லாம் நெனச்சுப் பாக்கறேன். ஒரு வீட்ல எப்பவும் நரி வர்ற இடத்துல நிக்குதாம். இன்னொரு வீட்ல ரயில் பொம்மை உடையற இடத்துல. நாங்க அந்த ஃபைல்ல கோளாறுன்னு நெனச்சு ஃபைல் ஃபைலா பிரிச்சு மேஞ்சோம். அங்கயும் ஒரு வாண்டு சோபால உக்காந்திருக்கும்னு யாருக்குமே தோணல. எனக்கு உடம்பு சிலிர்க்குதும்மா.

— சிலிர்த்தது போதும், கதையைக் கேளுங்க. ஏண்டி, உனக்கு என்ன பிடிக்காத இடம் அது? திமிங்கலம் வாலைத் தூக்கினா என்ன?

— எனக்கு இல்ல. தம்பிக்கு.

— தம்பிக்கா?

— தம்பி பயப்படுவான். அதுக்கப்புறம் வர்றது சோகம்.

— என்ன சோகம்? நான் அந்தப் படத்தை முழுசாப் பாத்ததே இல்ல. எப்பப் பாத்தாலும் அந்தப் பாட்டோட நின்னுடும். நானும் டேப் பழசாயிடுச்சுன்னு நெனச்சுக்கிட்டிருக்கேன்.

— சொல்றேன் கேளு. ஆமைக்குட்டிக்கு அம்மா இல்ல, யாரும் இல்ல. கடல் நடுவுல மாட்டிக்கும். அப்ப திமிங்கலம் வந்து முதுகுல ஏத்திக்கும். ரொம்ப நாள் சுமந்துட்டுப் போகும். அலை வந்தா மூச்சை எப்படி அடக்கணும், வலை வந்தா எப்படிக் குனியணும், எல்லாம் சொல்லிக்குடுக்கும். அப்புறம் கரை வரும். ஆனா திமிங்கலம் கரைக்கு வரக் கூடாது. வந்தா மணல்ல மாட்டிக்கும். அதனால, நீ நட, நான் பாத்துக்கிட்டே இருக்கேன்னு சொல்லிட்டு, வாலைத் தூக்கும். ஆமை நடந்து போயிட்டுத் திரும்பிப் பாத்தா தண்ணி மட்டும்தான் இருக்கும்.

— அடிப்பாவி. கார்ட்டூன் எடுக்கறவங்களுக்கு வேற வேலையே இல்லையா. பிள்ளைங்க பாக்கற படத்துல இதெல்லாம் எதுக்கு? என்னங்க, எங்க எழுந்து போறீங்க?

— ஒண்ணுமில்ல. அந்தக் கறுப்பு கேபிள் எங்கன்னு தேடறேன்.

— கறுப்பு கேபிளா? அந்த டிராயரைத் திறந்தா கறுப்பு கேபிளைத் தவிர வேற என்ன இருக்கு? எந்த மெஷினோடதுன்னு உங்களுக்கே தெரியாத கேபிளுக்கெல்லாம் வீட்ல இடம் இருக்கு. என் செருப்பு வைக்கத்தான் இடமில்ல. உக்காருங்க.

— ம்.

— இவ சொல்ல மாட்டா. மூஞ்சியைப் பாருங்க. பிடிவாதம் அப்படியே உங்க அக்காதான். அவங்க ஒண்ணை வேண்டாம்னு சொன்னா வேண்டாம்தான். உங்களைப் படிக்க வைக்கறதுக்கு சொந்தக்காரங்களோட சண்டை போட்டாங்களே, அந்தப் பிடிவாதம்.

— சரி, அந்தப் பேச்சு இப்ப எதுக்கு. குட்டிம்மா, டேப்ல சப்டைட்டில் போட்டிருந்தியா?

— பாத்தீங்களா. அக்கான்னு வாயைத் திறந்தா போதும், மனுஷன் சப்டைட்டிலுக்குத் தாவிடுவாரு. அவங்க போன அன்னிக்கும் இதேதான். வீடு நிறைய ஜனம். ஆளாளுக்குக் கதறிக்கிட்டிருக்காங்க. இவரு ஒரு ஓரமா உக்காந்து, வந்தவங்க போனையெல்லாம் வாங்கி அப்டேட் போட்டுக்கிட்டிருக்காரு.

— யாராவது பண்ணணும்ல. எல்லார் போனும் பழைய வெர்ஷன்ல இருந்துது.

— அதுக்கு அந்த நாளா கெடச்சுது? பெத்தவங்க இல்லாத குறை தெரியாம வளத்தவங்க. ஒரு சொட்டு கண்ணீர் வரல உங்களுக்கு. எனக்கே அன்னிக்கு உங்க மேல கோவம்தான். கல்லுக்கு வாழ்க்கைப்பட்டோமோன்னு நெனச்சேன். வாயை விட்டு இதுவரைக்கும் சொன்னதில்ல, இன்னிக்கு சொல்லிட்டேன்.

— சொல்லிட்டேல்ல. விடு.

— அப்பாவைத் திட்டாத, அம்மா.

— நான் எங்கடி திட்டினேன்? உண்மையைத்தானே சொன்னேன்.

— திட்டாத.

— சரி தாயே, திட்டல. நீ உங்கப்பாவுக்கு அந்த ரகசியத்தைச் சொல்லிடு, பாவம். திங்கக்கிழமை இவரு போன் எடுக்கற சீட்டுக்குப் போயிட்டா, ஒரு நாளைக்கு நூறு பேரு இவரைத் திட்டுவாங்க.

— நெசமாவா அப்பா? உங்களைத் திட்டுவாங்களா?

— கொஞ்சம் திட்டுவாங்க. பரவாயில்ல. நீ சொல்லலைன்னா விட்டுடு. நான் வேற வழி பாக்கறேன்.

— நான் சொன்னா, நீங்க எனக்கு ஒரு பட்டன் செஞ்சு தரணும்.

— என்ன பட்டன்?

— நான் நெனச்சா படம் நிக்கற பட்டன். யாருக்கும் தெரியாத பட்டன். படம் தானா கெட்டுப் போன மாதிரியே நிக்கணும்.

— ஓ, செஞ்சு தரலாமே. உன் டேப்ல மட்டும் இருக்கற மாதிரி ஒண்ணு எழுதித் தர்றேன்.

— ஆனா அது எங்க இருக்குன்னு உங்களுக்கும் தெரியக் கூடாது.

— எனக்குத் தெரியாம நானே எப்படிடா அதைச் செய்யறது?

— அது உங்க வேலை.

— ஐயாவுக்குச் சரியான மேனேஜர் வீட்லயே இருக்கா போல.

— சிரிக்காதம்மா, இவ கேக்கறது நியாயம்தான். சரி, இப்படிப் பண்ணலாம். பத்துப் பதினஞ்சு இடத்துல வைக்கற மாதிரி எழுதறேன். அதுல எதுன்னு நீயே தேர்ந்தெடுத்துப் பூட்டிக்கோ. எனக்குத் தெரியாது. சம்மதமா?

— சத்தியமா?

— சத்தியமா.

— அப்ப பாருங்க. ஹெட்போன் போட்டுக்கணும். இந்த பிளாஸ்திரி சுத்தின ஹெட்போன்தான். அதோட ஊசியைப் பிடுங்கணும். ஆனா முழுசாப் பிடுங்கக் கூடாது.

— முழுசாப் பிடுங்காம?

— பாதி. பாதி இழுத்தா சத்தம் ஒரு காதுல மட்டும் கேக்கும். அப்படியே பிடிச்சுக்கணும். கீழ எழுத்து வரும்ல, அந்த எழுத்து மாறும்போது டேபை இப்படிச் சாய்ச்சு, உடனே இப்படி நிமித்தணும். பாருங்க. பாட்டு முடியுது. எழுத்து மாறுது. சாய்ச்சேன். நின்னுடுச்சு.

— பாதி.

— என்னங்க?

— பாதிம்மா, பாதி. நாங்க எல்லாத்தையும் சோதிச்சோம். ஹெட்போன் போட்டு ஓட்டினோம், எடுத்துட்டு ஓட்டினோம், ஓடறப்பவே பிடுங்கினோம், ஓடறப்பவே சொருகினோம். ஒருத்தன்கூடப் பாதியில நிறுத்திப் பாக்கல. ஹெட்போன்னா ஒண்ணு உள்ள இருக்கும், இல்ல வெளிய இருக்கும். நடுவுல ஒண்ணு இருக்குன்னு யாருமே நெனைக்கல. பாதியில இருந்தா டேபுக்கே குழப்பம். உள்ள இருக்கா, வெளிய இருக்கான்னு அது மாறி மாறிக் கேட்டுக்கிட்டே இருக்கும். அந்த நேரம் பாத்து எழுத்தை மாத்தச் சொல்லி, திரையையும் திருப்பச் சொன்னா, எதை முதல்ல பண்றதுன்னு தெரியாம அப்படியே உறைஞ்சு போயிடுது.

— நீங்களும் உங்க பொண்ணும் ஒரே நேரத்துல வேலை ஏவினா நானும் அப்படித்தான் நிப்பேன்.

— அதேதான். அதைவிட நல்லா என்னால விளக்க முடியாது. குடு, நான் ஒரு தடவை பண்றேன். இழுத்தாச்சு. ஒரு காதுல கேக்குது. சாய்க்கிறேன். ச்சே, ஓடுதே.

— அவ்வளவு வேகமா இழுக்கக் கூடாது. உங்க கை பெருசு. ஆடற பல்லை நாக்கால தள்ளுவோம்ல, அந்த மாதிரி மெதுவா.

— மெதுவா. ம். எழுத்து மாறப் போகுது. இப்பவா?

— இப்ப.

— நின்னுடுச்சு. நானே நிறுத்திட்டேன். ஐயோ, ஏம்மா, நானே நிறுத்திட்டேன்.

— கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கோங்க. நாலு வயசுப் பையன் குதிக்கற மாதிரி குதிக்கறீங்க. கேபிள் தடுக்கிடப் போகுது.

— இந்த வீட்ல நான் தொடாத மெஷின் கிடையாது. இந்த டேபோட எந்தப் பக்கம் சூடாகும், எந்தப் பட்டன் ஒட்டிக்கும்னு எல்லாம் எனக்கு மனப்பாடம்னு நெனச்சிருந்தேன். இத்தனை நாளா என் பக்கத்துலயே, ஒரே போர்வைக்குள்ள உக்காந்து இவ இதைப் பண்ணியிருக்கா. நான் பாத்துக்கிட்டேதான் இருந்திருக்கேன். ஒண்ணும் தெரியல. படம் நின்னதும், பழைய டேப், சார்ஜ் போயிடுச்சுன்னு நெனச்சு நான் எழுந்து போய்த் தண்ணி குடிச்சிட்டு வருவேன். அவ்வளவுதான். குட்டிம்மா, நீ யாரு?

— உங்க பொண்ணு.

— அதைத்தான் நம்ப முடியல. திங்கக்கிழமை மீட்டிங்ல உன் பேரைச் சொல்லித்தான் ஆரம்பிப்பேன். இதைக் கண்டுபிடிச்சது எங்க வீட்டு மேடம், ஒண்ணாங்கிளாஸ்னு.

— ரெண்டாங்கிளாஸ்.

— ரெண்டாங்கிளாஸ். மன்னிக்கணும்.

— மீட்டிங் கிடக்கட்டும். எனக்கு ஒரு விஷயம் உறுத்துது. ஏண்டி, தம்பி பயப்படுவான்னு சொன்னியே, அவன் இந்தப் படத்தைப் பக்கத்து வீட்ல முழுசாப் பாத்துட்டு வந்தானே. அந்தக்காகூடச் சொன்னாங்க. திமிங்கலம் போறப்ப இவன் எழுந்து நின்னு, டாட்டா டாட்டான்னு கை காட்டிட்டு, பிஸ்கட் கேட்டானாம்.

— அப்படியா? எப்ப?

— லீவுல. இவளும்தான் கூடப் போனா. இவளுக்குத் தெரியாம இருக்காது. இப்ப பாருங்க, தலையைக் குனிஞ்சுக்கறா.

— குட்டிம்மா, தம்பிக்காகன்னு சொன்னது பொய்யா?

— கொஞ்சம் பொய்.

— அப்புறம் யாருக்காக நிறுத்தற? உனக்கு பயமா?

— எனக்கென்ன பயம். நான் நெறைய தடவை பாத்துட்டேன். நீங்க ஆபீஸ் போனப்புறம் பாப்பேன். கடைசி வரைக்கும் பாப்பேன்.

— அப்ப நிறுத்தறது?

— அம்மா உள்ள போகட்டும். உங்க காதுல சொல்றேன்.

— நல்லா இருக்குடி. நான் என்ன மூணாம் மனுஷியா?

— நீ மறுபடியும் அப்பாவைத் திட்டுவ.

— திட்ட மாட்டேன். சொல்லு.

— சொல்லுடா கண்ணு. சத்தமாவே சொல்லு. அப்பா எதுக்கும் கோவிச்சுக்க மாட்டேன்.

— உங்களுக்காகத்தான் நிறுத்தறேன் அப்பா. முதல் தடவை பாத்தப்ப நான் தூங்கிட்டேன்னு நீங்க நெனச்சீங்க. திமிங்கலம் போச்சுல்ல, அப்ப நீங்க போர்வையை வாயில வச்சுக்கிட்டு, போகாதக்கா, போகாதக்கான்னு ரொம்ப நேரம் அழுதீங்க.